சிவப்புக் கார்டும் சாமந்திப் பூவும்

செப்டம்பர் 20, சனி

கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு இன்று காலை செத்துப்போனது. உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர்ச் சடங்குக் காட்சியில் மாப்பிள்ளையின் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வரும்போது திரை முழுக்கக் கோடு கோடாக ஓடி, அப்படியே கறுத்துவிட்டது. எட்டு வருடம் உழைத்த கார்டு. கல்யாண வீடியோவாக இதுவரை எத்தனை பேரின் தாலியை அது பார்த்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது.

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஆவணிக் கல்யாணங்களை எடிட் செய்து முடிக்க எனக்கு இருப்பதே இந்த ஒரு மாதம்தான். அதிலும் காசிபாளையத்துக் கல்யாணம் கழுத்தில் கத்தி. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வரும்போது டி.வி.யில் முழுப் படமும் ஓடும் என்று பெண்ணின் அம்மாவிடம் நானே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இது தவறினால் கோபிச்செட்டிபாளையம் சுற்றுவட்டாரத்தில் எந்த மண்டபத்திலும் தலைகாட்ட முடியாது.

ஈரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜாபர் பாய்க்குப் போன் செய்தேன். புது கார்டு என்றதும் சிரித்தார். தீபாவளி நேரம், சரக்கு தட்டுப்பாடு. கைவசம் இரண்டே இரண்டுதான் இருக்கிறதாம். அதில் ஒன்றை என் பக்கத்து அறைக்காரர் கேட்டிருக்கிறாராம்.

பக்கத்து அறைக்காரர் திருமூர்த்தி. வீட்டுச் சமையலறை எப்படி வரும் என்று கட்டுவதற்கு முன்பே முப்பரிமாணத்தில் வரைந்து காட்டுகிறவர். உரக்கடை மாடியில் அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. அவ்வளவுதான் பழக்கம்.

செப்டம்பர் 22, திங்கள்

பாய் இரண்டு பெட்டியையும் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார். ஒன்று சிவப்புப் பெட்டி, ஒன்று கறுப்புப் பெட்டி. பாயின் தீர்ப்பு இது:

"சீட்டு குலுக்கிப் போட்டு எடுக்காதீங்கம்மா. ரெண்டையும் ஆளுக்கொரு வாரம் மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க. யார் வேலைக்கு எது பொருந்துதோ அவங்க அதை வெச்சுக்கங்க. தெனம் எழுதி வைங்க, எனக்கும் ஒதவும்."

சனிக்கிழமை புலம்ப எடுத்த டைரி இனி இதற்காகத்தான். வேறு எதையும் இதில் எழுதப்போவதில்லை.

பெட்டியில் போட்டிருப்பதை வைத்துப் பார்த்தால், சிவப்பு இந்த வருடத்துப் பிள்ளை. மெமரி எட்டு ஜி.பி.தான். ஆனால் வேகம் அதிகம், கரண்ட்டைக் குறைவாகத் தின்னும். கேமராவிலிருந்து வரும் கனமான காட்சிகளை நேராகவே படிக்கும். இரண்டு ஃபேன். கறுப்பு போன தலைமுறை. பன்னிரண்டு ஜி.பி. மெமரி, தகவல் ஓட அகலமான பாதை, மூன்று ஃபேன், சுரைக்காய் நீளம். கரண்ட்டு விஷயத்தில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாமன் மாதிரி, போதும் என்றே சொல்லாது.

எனக்குச் சிவப்பு வேண்டும். பெட்டியைத் திறந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். திருமூர்த்தி பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"எனக்கும் சிவப்புதாங்க தோதுப்படும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்காதீங்க. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"சரிங்க" என்றார். சண்டைக்கு வருவார் என்று தயாராக இருந்தேன். சரிங்க என்று சொல்கிற ஆளிடம் என்ன சண்டை போட முடியும்?

முதல் வாரம் சிவப்பு எனக்கு.

செப்டம்பர் 24, புதன்

சிவப்பு பறக்கிறது. பழைய கார்டில் காட்சியை நகர்த்தினால் திக்கித் திணறும். இதில் வெண்ணெயில் கத்தி. இணைச்சீர் முழுவதையும் கோத்து, நிறம் சரிசெய்து, படமாக வேகவைத்து இறக்க, அதாவது ரெண்டர் செய்ய, முன்பெல்லாம் சோறாக்கிச் சாப்பிட்டு வரும் நேரம் பிடிக்கும். இன்று டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. சூடும் இல்லை. அறுபது டிகிரியைத் தாண்டவில்லை.

டீ திருமூர்த்தி வாங்கி வந்தது. கீழே போனவர் எனக்கும் சேர்த்து வாங்கிவிட்டாராம். சர்க்கரை இல்லாமல். நான் சர்க்கரை போடமாட்டேன் என்பது இவருக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பர் 27, சனி

அவர் பக்கம் கறுப்பு. ஒரு சமையலறைப் படம் வெந்து முடிந்ததும் பிளைவுட்டில் இரண்டு தட்டு தட்டுவார். டொக், டொக். நான் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் ஏற்பாடு. எடிட்டிங் செய்பவளின் காதில் இப்படித் தட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? எரிச்சலாக வருகிறது.

கறுப்பு மெதுவாகத்தான் செய்கிறது. ஆனால் பெரிய அடுக்குமாடி வரைபடம் முழுவதையும் ஏற்றினாலும் மூச்சுத் திணறவில்லை. பன்னிரண்டு ஜி.பி.யின் பலன். சிறிய சமையலறை என்றால் சிவப்பு ஜெயிக்கும் என்பது அவர் கணக்கு. அவருக்கு வருவதில் பெரும்பாலும் சிறிய சமையலறைகள்தான். ஆக, அவருக்கும் சிவப்புதான் சரி. அடுத்த வாரம் அதை நிரூபித்துவிட்டால் நான் என்ன செய்வது?

அவர் வரைந்த ஒரு சமையலறையைக் காட்டினார். ஜன்னல் ஓரம் ஒரு சின்ன மேடை, உட்கார ஸ்டூல். "கொத்தமல்லி ஆயறவங்க நின்னுட்டே ஏங்க ஆயோணும்?" என்றார். ஆண்பிள்ளைக்கு இது தோன்றியிருக்கிறது. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று டொக் டொக் இல்லை. ஊத்துக்குளிக்கு அளவெடுக்கப் போயிருக்கிறாராம். வேலை நன்றாக ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அம்மாவும் நானும் மாடியைக் கழுவிவிட்டோம். கேமரா, டிரைபாட், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பொரி, கடலை, சுண்டல். திருமூர்த்தி தன் அறையைக் கூட்டிவிட்டு, பூ வாங்க மறந்துபோய் நின்றுகொண்டிருந்தார். தனியாக இருக்கும் மனிதர், அவருக்கு யார் நினைவூட்டுவார்கள்? அதனால் நான் கட்டிய சாமந்திச் சரத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் கம்ப்யூட்டர் கேபினட்டில் போட்டேன். வெக்கைக்குப் பயந்து அவர் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியே வைத்திருக்கிறார். திறந்த வாய்க்கு மேலே தோரணம் மாதிரி மாலை அழகாக விழுந்தது.

திரும்பி வந்து பார்த்தால் என் மிஷினுக்குப் பூ இல்லை. உதிரியாகக் கிடந்த ஒற்றைச் செம்பருத்தியை வைத்தேன்.

"ஏன்டி, அவிய மிஷினுக்கு மூணு மொழம், உன்ற மிஷினுக்கு ஒத்தப் பூவா?" என்றாள் அம்மா.

"அவரோடது பெரிய கேபினட்டும்மா."

"ம்" என்று சுண்டலைக் கிளறினாள். அம்மாவின் அந்த 'ம்'தான் எனக்கு ஆகாது. நாற்பது கல்யாணத்துத் தாலி கட்டும் காட்சியை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறவளுக்குக் கல்யாண ஆசை எங்கிருந்து வரும்? இதை அவளிடம் முப்பது வயதிலேயே சொல்லிவிட்டேன். இப்போது முப்பத்தேழு.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. இந்த நாளுக்காகவே மூன்று நாள் தள்ளிப்போட்டு, நல்ல நேரம் பார்த்துக் கார்டுகளை மாற்றினோம். சிவப்பு அவருக்கு, கறுப்பு எனக்கு. கழற்றும்போது பிள்ளையை விடுதியில் விடுவது போல இருந்தது. அவர் திருகாணி போடும்போது மாலையை நகர்த்தினார், எடுக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

கறுப்புக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. மெமரி இருக்கிறது, மனசு இல்லை. என் கேமராக் காட்சிகளைப் பார்த்தால் முழி பிதுங்குகிறது. மங்கல வாழ்த்துப் பாடும் காட்சியில் பாட்டு ஒரு பக்கம் போகிறது, வாய் ஒரு பக்கம் அசைகிறது. மூன்று ஃபேனும் சுற்றினால் அறைக்குள் நெல் அவிக்கிற மில் நடப்பது போல் சத்தம்.

அந்தப் பக்கம் டொக் டொக் விரைவு விரைவாக வந்தது. அவர் கணக்கு சரிதான். நான் நேரத்தைக் குறித்தேன்.

இந்த வேகத்தில் போனால் காசிபாளையத்துப் படம் தீபாவளிக்கு வராது. கார்த்திகை தீபத்துக்கு வரும்.

அக்டோபர் 7, செவ்வாய்

திருமூர்த்தி வந்து வாசலில் நின்றார்.

"ஏனுங்க, சிவப்பு முன்ன மாதிரி ஓடமாட்டேங்குதுங்க. மொத ரெண்டு நாளு நல்லா இருந்துச்சு. இப்ப சூடு எம்பத்தஞ்சுக்கு மேல போயிருது. கறுப்பைவிட மெதுவாப் போச்சு."

"நெசமாவா?" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"நெசந்தானுங்க. எடிட்டிங்குக்கு ஆகும்போல. என்ற வேலை ஓயாம ஓடற வேலை, அதுக்குத் தாங்கல. நாளை மறுநாளு கழட்டிக் குடுத்தர்றேன்."

பாய்க்குப் போன் செய்து சொன்னேன். "சின்ன கார்டு, தொடர்ந்து ஓட்டினா சூடாகறது உண்டும்மா" என்றார். ஆக விஞ்ஞானமே என் பக்கம். அம்மாவுக்கு மைசூர்பா வாங்கிக்கொண்டு போனேன். எதுக்கு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

சிவப்பு திரும்பி வந்துவிட்டது. மாற்றிக்கொண்டோம். கொடுக்கும்போது அவர் கையில் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருந்தது.

"நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று கேட்டேன். ஒரு மரியாதைக்கு.

"யோசிச்சுட்டேங்க. நீங்களே வெச்சுக்குங்க" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "படம் தீபாளிக்கு வந்துரும்ல?" என்று கேட்டார்.

"வந்துரும்."

"அது போதுமுங்க."

அக்டோபர் 11, சனி

நான்கு மணி நேரப் படத்தில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. சிவப்பு பழையபடி பறக்கிறது. நாள் முழுக்க ஓயாமல் ஓட்டியும் அறுபத்திரண்டு டிகிரி.

அறுபத்திரண்டு. இதுதான் மதியத்திலிருந்து தொண்டையில் மாட்டிய முள். ஓயாமல் ஓட்டினால் சூடாகும் என்றார்களே? அதே கார்டு, அதே ஊர், அதே வெக்கை.

மிஷினை அணைத்துக் கார்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். உரக்கடை மாடியில் ஒரு வாரம் இருந்த பொருளில் விரல் வைத்தால் தூசி வரும். இது தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் மாதிரி இருந்தது. யாரோ பொறுமையாக, ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவே பிரஷ் விட்டுச் சுத்தம் செய்திருக்கிறார்கள். பிரஷ் எட்டாத ஒரு மூலையில், ஃபேனுக்கு அடியில், பழுப்பேறிய ஒரு இதழ். சாமந்தி.

என் மிஷினுக்கு நான் சாமந்தி வைக்கவில்லை.

நான் போட்ட மாலை காய்ந்து, உதிர்ந்து, திறந்த பக்கம் வழியாக உள்ளே போய் ஃபேனை நிறுத்தியிருக்கிறது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். என் பூவோடு சேர்ந்த ஃபேன் நின்றேபோனது. கார்டில் ஒரு குறையும் இல்லை. அவர் வேலைக்கும் சிவப்புதான் சரி. கழற்றும்போது அவர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, சுத்தம் செய்து, ஒரு வார்த்தை சொல்லாமல் என்னிடம் நீட்டியிருக்கிறார்.

படம் தீபாளிக்கு வந்துரும்ல?

இதழை இந்தப் பக்கத்துக்குள் வைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணா நான்? குப்பையில் போட்டேன். பிறகு எடுத்துத் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். பாய் இந்தப் பக்கத்தைப் படிக்கப்போவதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் அவர் வேலைக்கு வந்திருந்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். கறுப்பில் ஓடினால் ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆகும்.

கார்டையும் அந்த இதழையும் எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனேன். மேசையில் சவர பிரஷ் ஒன்று, முடியெல்லாம் மஞ்சள். ஜன்னல் ஆணியில் என் மாலை, வெறும் நாரும் நாலு காம்புமாகத் தொங்கியது. அதைக்கூட அவர் தூக்கிப் போடவில்லை.

"இது என்னங்க?" என்று இதழை நீட்டினேன்.

பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன் மாதிரி சிரித்தார். "கழட்டும்போதுதானுங்க பாத்தேன். செவ்வாக்கெழம சொன்னது நெசமாத்தான் சொன்னேன்."

"வியாழக்கெழம தெரிஞ்சுது இல்ல? அப்பச் சொல்றதுக்கு என்னங்க?"

"சொன்னா நீங்க வாங்கிருக்க மாட்டீங்கொ."

"மாட்டேன்தான்! அதுதான நாயம்? உங்களுக்கு வேலை இல்லீங்களா?"

"இருக்குதுங்க. சமையக்கட்டு ஒரு வாரம் காத்திருக்கும். தலை தீபாளி காத்திருக்குங்களா?" பிறகு, கார்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பூவப் போட்டது நீங்கன்னு சொல்றதுக்கும் மனசு வரலீங்க. இத்தன வருசத்துல என்ற மிஷினுக்கு ஆரும் பூப் போட்டதில்ல."

கார்டை மேசையில் வைத்தேன். அவர் எடுத்து என்னிடம் நீட்டினார். நான் திரும்ப வைத்தேன். அவர் திரும்ப நீட்டினார். கல்யாண வீட்டில் மொய்க்கவரை மறுத்து மறுத்துத் தள்ளுவார்களே, அந்தக் கூத்து. கடைசியில், படம் முடியும்வரை என்னிடம், பிறகு பாய் சொல்லட்டும் என்று கொண்டுவந்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், பூ வரைக்கும்.

ரொம்ப நேரம் சிரித்தார். "இருவது வருசமா சர்வீஸ் பண்றேன். பல்லி பாத்திருக்கேன், எறும்புக் கூடு பாத்திருக்கேன். மாலை போட்டு மூச்சை நிறுத்தினதை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். அடங்கியதும் கேட்டேன்: "ரெண்டு கார்டையும் ஒரே கேபினட்டுல போட முடியுமா பாய்?"

"தாராளமாப் போடலாம். அவர் போர்டுல ரெண்டு கார்டுக்கு எடம் இருக்கு. ஆனா பவர் சப்ளை பெருசாப் போடணும், ரெண்டு பேர் பசியையும் தாங்கணும்ல. ரெண்டையும் ஒட்டி வெக்காதீங்க, நடுவுல கொஞ்சம் காத்துப் போகணும். ஒண்ணோட வேலைய இன்னொண்ணு தலையில கட்டாதீங்க. அததுக்கு வர்ற வேலையக் குடுத்தா வருசக்கணக்கா ஓடும்."

அப்படியே எழுதி வைக்கிறேன். தொழில்நுட்பக் குறிப்பு.

மதியம் அவர் டீயுடன் வந்தபோது சொன்னேன். அவர் லேப்டாப்பில் வரைந்து நெட்வொர்க்கில் அனுப்பலாம், பெரிய வேலையைக் கறுப்பு வேகவைக்கும், சிவப்பில் நான் எடிட் செய்வேன், நான் கேமராவோடு வெளியே போகும் நாட்களில் இரண்டுமே அவருக்கு என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப, ரெண்டையும் ஒட்டுக்காப் போட்டரலாமுங்கறீங்க."

"ஒட்டுக்காத்தான்."

"கேபினட்டு எந்த ரூம்புலீங்க இருக்கும்?"

அதை நான் யோசிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிளைவுட்டைப் பார்த்தோம்.

அக்டோபர் 15, புதன்

பிளைவுட் போயிற்று. இரண்டு கார்டும் பெரிய பவர் சப்ளையோடு அவர் கேபினட்டில் ஏறிவிட்டன. இத்தனை வெளிச்சம் அவர் பக்கம் இருந்தது எனக்குத் தெரியாது.

அக்டோபர் 18, சனி

காசிபாளையத்துப் படம் கொடுத்தாகிவிட்டது. பெண்ணின் அம்மா அங்கேயே போட்டுப் பார்த்தார். இணைச்சீர் வந்ததும் அழ ஆரம்பித்தவர், படம் நெடுக அழுதார், பிறகு முறுக்கு கட்டிக் கொடுத்தார். மண்டபங்களில் தலைகாட்டலாம்.

வரும் வழியில் ஒன்று தோன்றியது. அந்தத் தாலி கட்டும் காட்சியை இந்த முறையும் முன்னும் பின்னும் எத்தனையோ தடவை ஓட்டினேன். கடைசியில் ஓட்டியது எடிட்டிங்குக்காக இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. பாய் கேட்ட முடிவு: வேகத்துக்குச் சிவப்பு, தாங்குவதற்குக் கறுப்பு. எது நல்ல கார்டு என்று கேட்டால், மூடியைப் போட்டு வைத்த கேபினட்டில் இருப்பது நல்ல கார்டு.

அம்மா மாடிக்கு வந்தாள், பையில் மல்லிகைச் சரம். "புது மிஷினு, மொத தீபாளி. கொஞ்சம் பூவச்சுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். நேராகத் திருமூர்த்தியிடம் நீட்டினாள், என்னிடம் இல்லை.

அவர் வாங்கிக்கொண்டார். கேபினட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"மிஷினுக்கு வேண்டாமுங்க, ஃபேன்ல மாட்டிக்கும்" என்றார். "நீங்க வெச்சுக்கறீங்களா?"

நான் பூ வைப்பதில்லை. பதினைந்து வருடமாக வைப்பதில்லை. எடிட்டிங் செய்கிறவளின் தலையில் நாள் முழுக்க ஹெட்போன், பூ எங்கே நிற்கும் என்று கேட்கிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா சுவர் காலண்டரில் ஏதோ ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த கல்யாணத்துக் காட்சிகள் காத்திருந்தன. ஹெட்போனைப் போடப் பார்த்தேன், பூ நசுங்கியது. கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, சத்தம் எதுவும் இல்லாமல், மதியம் முழுக்க வெறும் படத்தையே எடிட் செய்தேன்.